கோமாரிக் கருவாடும் மலைநாட்டுத் தேயிலையும்
வியாபாரிக்கு விலை சொல்வது எப்படி? – குடும்பத்தோடு படிக்க ஒரு பாடம்



சம்பளம் போட்ட மறுநாள் கடை வாசலில் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். ஒரு கையில் கடன் கொப்பி, மறுகையில் வெறும் பை. அரிசி, மா, சீனி எல்லாம் வாங்கி முடிந்ததும் கண் கருவாட்டுச் சாக்குப் பக்கம் போகும்.

"ஏக்கா, கோமாரிப் பக்கம் அறநூத்திச் சொச்சத்துக்குக் கெடைக்கிற கருவாடு இங்க வந்ததும் ஆயிரமா? நடுவுல யாரு திங்கிறா?" என்று ஒருத்தி கேட்பாள்.

"எல்லாம் யாவாரிங்கதான் தங்கச்சி. நாமளே நேராப் போயி எடுத்துட்டு வந்தா என்ன?" என்பாள் மற்றவள்.

அதே நேரம் கோமாரியில் ஒரு தேத்தண்ணிக் கடையிலும் யாராவது இப்படிக் கேட்டுக்கொண்டிருக்கலாம்: "என்னகா இது, தேயில வெளையிற நாட்டுல தேயிலைக்கு இவ்வளவு வெலையா? மலையில கொழுந்து பறிக்கிற சனத்துக்கு இதுல என்னதான் கெடைக்குது?"

இரண்டும் ஒரே கேள்விதான். ஒரு பொருள் பிறக்கும் இடத்தில் ஒரு விலை, அது அடுப்புக்கு வரும் இடத்தில் வேறு விலை. நடுவில் இருக்கும் பணம் எங்கே போகிறது? அதில் நியாயம் எவ்வளவு, அநியாயம் எவ்வளவு? இதைத் தெரிந்துகொள்வதுதான் இன்றைய பாடம்.

இது நமக்கு எதற்கு என்று கேட்கிறீர்களா? காரணம் உண்டு. நம் பெண்கள் குழுக்கள் பல, காய்கறி, காளான், ஊறுகாய், தேயிலைத் தூள் என்று சிறு வியாபாரம் தொடங்குகின்றன. அத்தோடு, அண்மைக் காலத்தில் சில தோட்டங்களில் தேயிலை நிலத்தைக் குடும்பங்களிடம் பராமரிக்கக் கொடுத்து, கொழுந்தை விலைக்கு வாங்கும் முறையும் வந்திருக்கிறது. அப்படி வந்தால், நேற்று வரை சம்பளம் வாங்கியவர் இன்று ஒரு கம்பனிக்குப் பொருள் விற்கிறவர் ஆகிவிடுகிறார். கடைக்குப் போய் வாங்கும்போது விலை பேசத் தெரிந்தால் மட்டும் போதாது. வியாபாரியிடம் விற்கும்போதும் விலை பேசத் தெரிய வேண்டும்.

கோமாரி எங்கே இருக்கிறது?

அம்பாறை மாவட்டத்துக் கடற்கரையில், பொத்துவிலுக்கும் திருக்கோவிலுக்கும் நடுவே இருக்கும் சிறிய ஊர் கோமாரி. ஒரு பக்கம் கடல், இன்னொரு பக்கம் களப்பு. மீன்பிடியும் வயலும் அந்த மக்களின் சீவியம். 2004 டிசம்பர் 26ஆம் திகதி வந்த சுனாமி இந்தக் கரையை அடித்து நொறுக்கியது. அதற்குப் பிறகு தோணி, வலை, வீடு எல்லாவற்றையும் புதிதாகத் தேடியவர்கள் அவர்கள்.

கோமாரியில் இருந்து வடக்கே போனால் திருக்கோவில், அக்கரைப்பற்று, நிந்தவூர், சாய்ந்தமருது, கல்முனை, மருதமுனை என்று ஊர்கள் வரிசையாக வரும். இவற்றில் பல, தமிழ் பேசும் முஸ்லிம் மக்களின் ஊர்கள். கல்முனை பெரிய வியாபாரப் பட்டினம். மருதமுனை கைத்தறிச் சாரத்துக்கும் சேலைக்கும் பேர்போனது. நாம் மலைநாட்டில் 'நானா' என்று கூப்பிடுகிற முஸ்லிம் அண்ணன்மாரை அங்கே 'காக்கா' என்பார்கள்.

அந்தக் கரைக்கும் நம் மலைக்கும் உறவு புதிதல்ல. தார் ரோடு வருவதற்கு முன்பே, பொதிமாடுகளில் உப்பும் கருவாடும் ஏற்றிக்கொண்டு ஊவாப் பக்கம் வியாபாரிகள் ஏறி வந்தார்கள். திரும்பிப் போகும்போது பாக்கு முதலானவற்றைக் கொண்டு போனார்கள். அந்தப் பொதிமாட்டுக் கூட்டத்துக்குத் 'தவளம்' என்று பெயர். இன்று லொறி பொத்துவில், சியம்பலாண்டுவை, மொனராகலை, பசறை வழியாகப் பதுளைக்கு ஏறுகிறது. மாடு போய் லொறி வந்தது. ஆனால் வியாபாரத்தின் வேலைகள் மாறவில்லை.

கருவாடு வரும் வழி

கரைவலையில் விழுந்த மீனைக் கழுவி, கீறி, உப்பிட்டு, வெயிலில் காயவைத்து எடுக்கும்போது எடை பாதிக்கும் கீழே இறங்கிவிடும். ஒரு கிலோ கருவாட்டுக்கு மூன்று கிலோ அளவு பச்சை மீன் வேண்டியிருக்கும். மீனின் சாதியையும் காய்ச்சலையும் பொறுத்து இது கூடும், குறையும்.

பிறகு ஊர் ஊராகச் சேர்க்கிற வியாபாரி வருகிறார். தரம் பிரித்து, சாக்கில் கட்டி, லொறியில் ஏற்றுகிறார். சில சரக்கு கொழும்புப் புறக்கோட்டைக்குப் போய், அங்கிருந்து மலைநாட்டு டவுண்களுக்குத் திரும்பி வரும். சில நேராக டவுண் மொத்த வியாபாரிக்கு வரும். அவரிடம் இருந்து நம் தோட்டத்துக் கடைக்காரர் எடுக்கிறார். அவரிடம் இருந்து கால் கிலோ, நூறு கிராமாக நாம் எடுக்கிறோம்.

இனிக் கணக்கைப் பார்ப்போம். கீழே வரும் எண்கள் கணக்குப் பழகுவதற்காக நாமே வைத்தவை. இன்றைய சந்தை விலை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

நாம் கடையில் கொடுக்கும் விலை ஒரு கிலோ 1,000 ரூபா.
கடைக்காரர் டவுணில் கொடுத்தது 860. அவர் பங்கு 140.
டவுண் மொத்த வியாபாரி கொடுத்தது 790. அவர் பங்கு 70.
சேர்க்கிற வியாபாரி கோமாரி வீட்டுக்குக் கொடுத்தது 660. அவர் பங்கு 130.

நடுவில் மொத்தம் 340 ரூபா. "பாத்தியா, முந்நூத்தி நாப்பதையும் சுருட்டிட்டாங்க" என்று தோன்றும். பொறுங்கள். இந்தப் பணத்துக்கு அவர்கள் செய்த வேலை என்ன என்று பார்ப்போம்.

1. சேர்த்தல்: வீடு வீடாகப் பத்துக் கிலோ, இருபது கிலோ என்று சேர்த்தால்தான் லொறி நிரம்பும்.
2. தரம் பிரித்தல்: நெத்தலி வேறு, சூரை வேறு, கட்டா வேறு. ஒரு சாக்கில் ஈரக் கருவாடு கலந்தாலும் மற்றதும் பூஞ்சணம் பிடிக்கும்.
3. ஏற்றி இறக்கல்: லொறிக் கூலி, ஆள் கூலி, சாக்கு.
4. நட்டம் தாங்கல்: வழியில் காய்ந்து எடை குறையும், உடையும், புழு வைக்கும்.
5. பிரித்துக் கொடுத்தல்: ஒரு சாக்கு வேண்டாம், நூறு கிராம் போதும் என்பவருக்கு நூறு கிராம் கொடுப்பது.
6. கடன் கொடுத்தல்: பத்தாம் திகதி சம்பளம் வரும் வரை பொறுத்திருப்பது.

இந்த ஆறு வேலையையும் யாராவது ஒருவர் செய்தே ஆக வேண்டும். இதுதான் இன்றைய பாடத்தின் ஆணிவேர். நடுவில் இருக்கும் ஆளை எடுத்துவிடலாம். அவர் செய்த வேலையை எடுத்துவிட முடியாது. அவர் போனால் அந்த வேலை நம் தலையில் விழும்.

நாமே போனால் என்ன ஆகும்?

ஒரு தோட்டத்துப் பெண்கள் குழு கோமாரிக்கு நேரே போகிறது என்று வைத்துக்கொள்வோம். 100 கிலோ வாங்குகிறார்கள்.

கருவாடு 100 கிலோ: 66,000 ரூபா
வாகனக் கூலி: 18,000 ரூபா
இரண்டு பேருக்கு இரண்டு நாள் வேலை இழப்பு, நாளுக்கு 1,500 வீதம்: 6,000 ரூபா
சாக்கு, சாப்பாடு: 3,000 ரூபா
மொத்தச் செலவு: 93,000 ரூபா

எடை குறைந்து வந்து சேர்ந்தது 96 கிலோ. வீடுகளுக்கு 1,000 ரூபாவுக்கு விற்றால் 96,000 ரூபா. மிச்சம் வெறும் 3,000. அதில் பத்துக் கிலோ 'அடுத்த மாசம் தாறேன்' என்று போய்ப் பணம் திரும்பாவிட்டால், 7,000 ரூபா நட்டம். முதலுக்கே மோசம்!

இந்தக் கணக்கில் பலர் விடுகிற பிழை, இரண்டு நாள் வேலை இழப்பை எழுதாமல் விடுவது. "நாங்கதானே போனோம், அதுக்கென்ன செலவு?" என்பார்கள். பேர் விழாத நாளும் செலவுதான். உங்கள் உழைப்புக்கு நீங்களே விலை போடாவிட்டால் வேறு யார் போடப்போகிறார்கள்?

அப்படியானால் நேரே போவது பிழையா? இல்லை. அளவுதான் பிழை. மூன்று தோட்டத்துக் குழுக்கள் சேர்ந்து, அதே வாகனத்தில் 300 கிலோ எடுத்தால் எப்படி என்று பாருங்கள்.

கருவாடு: 1,98,000 ரூபா
வாகனம்: அதே 18,000 ரூபா
வேலை இழப்பு: அதே 6,000 ரூபா
சாக்கு, சாப்பாடு: 6,000 ரூபா
மொத்தம்: 2,28,000 ரூபா

நூற்றுக்கு நாலு எடை குறைந்தால் 288 கிலோ மிஞ்சும். ஒரு கிலோவின் அடக்கவிலை 792 ரூபாவுக்குக் கிட்ட. முதல் கணக்கில் அதே ஒரு கிலோ 969 ரூபாவுக்குக் கிட்ட வந்தது. வாகனக் கூலி நூறு கிலோவுக்கும் முந்நூறு கிலோவுக்கும் ஒன்றுதான். அதைப் பங்கு போட ஆள் கூடினால் பாரம் குறையும். ஊர் கூடித் தேர் இழுப்பது என்பது இதுதான்.

கடைக்காரருக்கு என்ன விலை சொல்வது?

288 கிலோவை வீடு வீடாக விற்பது லேசான காரியம் அல்ல. ஆகவே குழு, மூன்று தோட்டத்துக் கடைக்காரர்களுக்கு ஆளுக்கு 96 கிலோ கொடுக்க நினைக்கிறது. என்ன விலை சொல்லலாம்?

இதற்கு ஒரு தரையும் ஒரு கூரையும் உண்டு. தரை என்பது நம் அடக்கவிலை, 792. அதற்குக் கீழே போனால் வீட்டுக் காசை அள்ளிக் கொடுப்பது போல. கூரை என்பது அதே சரக்கைக் கடைக்காரர் வேறு இடத்தில் எடுக்கும் விலை. டவுண் மொத்த வியாபாரி 860க்குக் கொடுக்கிறார். அதற்கு மேலே சொன்னால் நம்மை ஏறிட்டும் பார்க்க மாட்டார். அந்த டவுண் விலைக்கும் மேலே ஒரு கூரை இருக்கிறது. கிழக்குக் கடல் கொந்தளிக்கும் நவம்பர் முதல் ஜனவரி வரையில், மேற்கிலும் தெற்கிலும் கடல் அடங்கத் தொடங்கி நீர்கொழும்புப் பக்கத்துச் சரக்கு வரும். வெளிநாட்டில் இருந்து இறக்குமதியாகும் கருவாடும் புறக்கோட்டையில் போட்டிக்கு நிற்கும்.

சரி, 860க்கே கொடுக்கலாமா? கடைக்காரர் இப்படிச் சொல்வார்: "பழைய முதலாளியும் அதே வெலைக்குத்தான் தாறாரு. மாசக் கடனும் தாறாரு. கெட்டுப் போனா திருப்பியும் எடுக்கிறாரு. நான் ஏன் ஒங்ககிட்ட மாறணும்?" நியாயமான கேள்வி. புதிதாக வருகிறவர் ஏதாவது ஒன்றைக் கூடுதலாகக் கொடுக்க வேண்டும். 840 என்று சொன்னால் கடைக்காரருக்குக் கிலோவுக்கு 160 நிற்கும். குழுவுக்கு 288 கிலோவில் 13,920 ரூபா மிஞ்சும்.

ஆகவே வியாபாரிக்கு விலை வைக்கும்போது நம் செலவில் இருந்து மேலே மட்டும் எண்ணக் கூடாது. கடைசியில் அடுப்படியில் நிற்கும் அம்மா என்ன விலை கொடுப்பார் என்பதில் இருந்து கீழே இறங்கியும் எண்ண வேண்டும். அவர் கொடுப்பது 1,000. கடைக்காரருக்கு வேண்டியது போக நமக்கு வருவது எவ்வளவு? அது நம் அடக்கவிலைக்கு மேலே நின்றால் வியாபாரம் உண்டு. நிற்காவிட்டால் அந்த வியாபாரத்தில் இறங்கக் கூடாது.

'நூற்றுக்கு இருபது' என்றால் எவ்வளவு?

இங்கே ஒரு குழி இருக்கிறது, கவனம். 100 ரூபாவுக்கு வாங்கிய பொருளில் 'நூற்றுக்கு இருபது இலாபம்' என்றால் விற்கும் விலை என்ன? வாங்கிய விலையில் இருபது வீதம் என்றால் 120. விற்கும் விலையில் இருபது வீதம் என்றால் 125. கணக்குச் சரியா என்று பாருங்கள்: 125இல் நூற்றுக்கு இருபது 25. வியாபாரிகளில் சிலர் ஒரு விதமாகவும் சிலர் மறு விதமாகவும் பேசுவார்கள். ஆகவே வீதத்தில் பேச்சை முடிக்க வேண்டாம். "வாங்குறது எவ்வளவு, விக்கிறது எவ்வளவு, ரூபாவில சொல்லுங்க" என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

கைக்காசும் கடனும் ஒரே விலை அல்ல. கைக்காசுக்கு 840, ஒரு மாதக் கடனுக்கு 860 என்று இரண்டு விலை சொல்லலாம். அந்த 20 ரூபா, ஒரு மாதத்துக்கு நூற்றுக்கு இரண்டரைக்குக் கிட்ட வரும். கடனுக்கும் விலை உண்டு என்பதை நாம் வாங்கும்போது மறக்கலாம். விற்கும்போது மறக்கக் கூடாது.

நம்மை நம்பியவரை வெட்டக் கூடாது

குழு கடைக்காரருக்கு 840க்குக் கொடுத்துவிட்டது. மறுநாள் லயத்தில் ஒரு அக்கா வந்து, "எனக்கும் ரெண்டு கிலோ அதே வெலைக்குத் தா" என்கிறார். சொந்தக்காரி ஆயிற்றே என்று கொடுத்துவிட்டால் என்ன நடக்கும்? சாயந்தரத்துக்குள் தோட்டம் முழுக்கத் தெரியும். கடைக்காரரின் சரக்கு 1,000 ரூபாவில் தூங்கும். அடுத்த முறை அவர் நம்மிடம் எடுக்க மாட்டார்.

இரண்டு வழியிலும் விற்கலாம், தடை இல்லை. ஆனால் வீட்டுக்கு விற்கும் விலை, கடை விலைக்குக் கீழே போகக் கூடாது. கூடுதலாகக் கிடைப்பது நாம் செய்யும் சில்லறை வேலைக்குக் கூலி. இன்னொரு முறையும் உண்டு. சரக்கைப் பிரித்துக்கொள்வது. கடைக்குப் பெரிய சாக்குக் கருவாடு, வீட்டுக்குச் சுத்தம் செய்து கட்டிய சிறு பக்கட் என்றால் மோதல் வராது. எந்த முறையானாலும் முதலிலேயே கடைக்காரரிடம் சொல்லிவிடுவது மரியாதை.

தேயிலை இறங்கும் வழி

இனி நம் தேயிலைக்கு வருவோம். ஸ்டோரில் அரைத்து, காயவைத்து, சலித்த தூள் எப்படிக் கோமாரிக்குப் போகிறது?

ஆரம்ப காலத்தில் இலங்கைத் தேயிலை கப்பல் ஏறி இலண்டனில் விலையானது. 1883 யூலை 30ஆம் திகதி கொழும்பில் சோமர்வில் கம்பனியின் அலுவலகத்தில் முதலாவது பகிரங்க ஏலம் நடந்தது. அன்று தொடங்கிய கொழும்பு ஏலம் இன்றும் நடக்கிறது. இலண்டன் ஏலமோ 1998 யூனில் நின்றுபோனது. கொரோனா வந்த 2020ஆம் ஆண்டில் கொழும்பு ஏலம் மண்டபத்தை விட்டுக் கம்பியூட்டருக்குப் போனது. எந்த விற்பனை வழியும் நிரந்தரம் அல்ல என்பதற்கு இவை சாட்சி.

ஏலத்தில் தரகர் என்று ஒருவர் இருக்கிறார். அவர் தேயிலையை வாங்குவதில்லை. மாதிரியை ருசி பார்த்து, மதிப்புப் போட்டு, பட்டியல் அச்சடித்து, விற்றுக் கொடுத்துக் கூலி எடுக்கிறார். கூடிய விலைக்கு விற்றால் அவர் கூலியும் கூடும். மொத்த வியாபாரி அப்படி அல்ல. அவர் பணம் கொடுத்துச் சரக்கைத் தன்னுடையதாக்குகிறார். விலை விழுந்தால் நட்டம் அவருக்கு. இந்த வித்தியாசத்தை நினைவில் வையுங்கள். ஒருவர் உங்கள் பொருளை எடுக்கும்போது, "இது வித்ததுக்குப் பொறகு காசா, இப்பவே காசா? கெட்டா யாரு பொறுப்பு?" என்று கேட்டுவிட வேண்டும்.

ஏலத்தில் எடுத்த கம்பனி பல தோட்டத்துத் தூளைக் கலந்து, ஏற்றுமதி செய்கிறது அல்லது பக்கட் போடுகிறது. பக்கட் விநியோகஸ்தருக்குப் போய், அவர் லொறியில் கல்முனை, பொத்துவில் என்று இறங்கி, கடைசியில் கோமாரிக் கடைக்கு வருகிறது. கருவாட்டில் பார்த்த அதே ஆறு வேலைதான் இங்கேயும்.

நடுவழியைத் தாண்டிப் போனவர்களும் உண்டு. மெரில் ஜே. பெர்னாண்டோ 1980களில் 'டில்மா' என்ற பெயரில் இலங்கையிலேயே பக்கட் போட்ட தேயிலையை ஆஸ்திரேலியக் கடைகளுக்குக் கொண்டுபோனார். அதுவரை இங்கிருந்து பெரும்பாலும் தூள் மொத்தமாகவே போனது. பெயரும் பக்கட்டும் வெளிநாட்டுக் கம்பனிகளுடையவை. அவர் அந்த இலாபத்தை இங்கே கொண்டுவந்தார் என்றால், விளம்பரம், பக்கட், கடைக்காரரைச் சம்மதிக்கவைத்தல் என்ற வேலைகளையும் தம் தோளில் ஏற்றிக்கொண்டார் என்று அர்த்தம். 2023இல் அவர் காலமானார்.

கொழுந்துக்கு விலை போடும் கணக்கு

நம் நாட்டுத் தேயிலையில் பெரும்பகுதி இன்று சிறுதோட்டக்காரர்களின் கொழுந்தில் இருந்து வருகிறது. அவர்களுக்கும் ஸ்டோருக்கும் நடுவே பல ஆண்டுகளாக ஒரு பங்குக் கணக்கு புழங்குகிறது. ஸ்டோர் தூளை விற்ற சராசரி விலையில், அடிப்படையாக நூற்றுக்கு 68 பங்கு கொழுந்துக்காரருக்கு, 32 பங்கு ஸ்டோருக்கு. 100 கிலோ கொழுந்தில் 21.5 கிலோ தூள் என்பது கணக்கு.

சராசரி விலை 1,000 ரூபா என்றால், தூள் ஒரு கிலோவுக்குக் கொழுந்துக்காரர் பங்கு 680. 21.5 கிலோவுக்கு 14,620 ரூபா. அதாவது கொழுந்து ஒரு கிலோ 146 ரூபா 20 சதம். விலை ஏறினால் இருவருக்கும் ஏறும், இறங்கினால் இருவருக்கும் இறங்கும்.

ஆனால் தராசைக் கவனியுங்கள். ஈரத்துக்கு, சாக்குக்கு என்று 100 கிலோவில் நாலு கிலோ கழித்தால் 584 ரூபா 80 சதம் போய்விடும். விலை மாறவே இல்லை, பணம் மட்டும் குறைந்தது. விலை என்பது ரூபாவில் மட்டும் இல்லை. எடையிலும், தரம் பார்ப்பதிலும், காசு வரும் திகதியிலும் இருக்கிறது.

2022இல் நடந்ததையும் நினையுங்கள். அந்த வருடம் கொழும்பு ஏலச் சராசரி, முந்திய வருடத்தைவிட ஏறக்குறைய இரட்டிப்பானது. வெளிநாட்டார் திடீரென்று இரண்டு மடங்கு பிரியப்பட்டதால் அல்ல. 2021இல் உர இறக்குமதித் தடையால் விளைச்சல் அடிபட்டது. அத்தோடு நம் ரூபாவின் மதிப்பு விழுந்தது. கைக்கு வந்த ரூபா கூடியது, அரிசி விலையும் மா விலையும் ஏறின. ஆகவே பழைய விலையோடு மட்டும் ஒப்பிட்டுச் சந்தோசப்படக் கூடாது. அந்தப் பணத்துக்கு எத்தனை கிலோ அரிசி வரும் என்று பார்க்க வேண்டும்.

கடன்பட்டவருக்கு விலை பேச வாய் இல்லை

கடைசியாக ஒன்று. எல்லாவற்றிலும் இதுதான் முக்கியம்.

கடற்கரை ஊர்களில் பலர், வலைக்கும் எஞ்சினுக்கும் வியாபாரியிடம் முன்பணம் வாங்குவார்கள். வாங்கிவிட்டால் மீனை அவருக்கே கொடுக்க வேண்டும், அவர் சொன்ன விலைக்கு. பக்கத்து வியாபாரி கூடக் கொடுத்தாலும் போக முடியாது. கொடுத்தவர் கெட்டவர் என்று சொல்ல வரவில்லை. கடல் கொந்தளிக்கும் மாதங்களில் அடுப்பு எரிந்ததே அந்தப் பணத்தால்தான். ஆனால் அந்த முன்பணம் விலையின் வாயைக் கட்டிவிடுகிறது.

நமக்கு இது தெரியாத கதையா? நம் பாட்டன் பூட்டன் காலத்தில் 'துண்டு' என்று ஒரு கடதாசி இருந்தது. தொழிலாளியின் கடன் அதில் எழுதியிருக்கும். அந்தக் கடனைக் கட்டுகிற தோட்டத்துக்குத்தான் அவர் போகலாம். 1921இல் சட்டம் போட்டு அந்தத் துண்டு முறையை நிறுத்தினார்கள். துண்டு போய்விட்டது. ஆனால் வேறு வேறு பெயரில் அது திரும்பி வரப் பார்க்கும். "ஒரம் நாங்க தாறோம், மருந்து நாங்க தாறோம், கொழுந்துக் காசுல கழிச்சுக்குவோம்" என்றால் உதவிதான். ஆனால் உரத்தின் விலை என்ன, எவ்வளவு கழிப்பார்கள், கணக்கு யார் கையில் இருக்கும் என்று தெரியாமல் கையெழுத்து வைத்தால் அதுவும் துண்டுதான்.

ஒரு கடதாசியில் கையெழுத்து வைக்கும் முன் ஐந்து கேள்வி கேளுங்கள்:

1. விலையை எந்தக் கணக்கில் போடுவீர்கள்? அந்தக் கணக்கை எனக்குக் காட்டுவீர்களா?
2. எடையில் எதற்கு, எவ்வளவு கழிப்பீர்கள்? நிறுக்கும்போது நான் பக்கத்தில் நிற்கலாமா?
3. காசு எந்தத் திகதியில் வரும்? பிந்தினால் என்ன?
4. தரம் இல்லை என்று திருப்பினால் நட்டம் யாருக்கு?
5. வேறு ஒருவருக்கு விற்க எனக்கு உரிமை உண்டா?

ஐந்தாவது கேள்வியை விட்டுவிடாதீர்கள். எல்லாச் சரக்கையும் ஒருவரையே நம்பி வைத்தால், அவர் 'வேண்டாம்' என்ற அன்று நாம் தெருவில் நிற்போம். முக்கால்வாசி ஒருவருக்குக் கொடுத்தாலும், கால்வாசிக்கு இன்னொரு கதவைத் திறந்து வையுங்கள்.

குழுவில் பேசிப் பார்ப்போம்

• நம் கடைக்காரர் கருவாட்டில் செய்யும் வேலைகள் எவை? அவற்றில் எதை நாம் செய்ய முடியும், எதைச் செய்ய முடியாது?
• 300 கிலோக் கணக்கில், எடை நூற்றுக்கு எட்டுக் குறைந்தால் அடக்கவிலை எவ்வளவு? அப்போது 840க்குக் கொடுக்கலாமா? பிள்ளைகளைக் கொண்டு போட்டுப் பாருங்கள்.
• கடைக்காரருக்குக் கொடுத்த விலைக்கே சொந்தக்காரரும் கேட்டால் என்ன பதில் சொல்வீர்கள்? ஒருவர் கடைக்காரராகவும் ஒருவர் சொந்தக்காரராகவும் நடித்துப் பாருங்கள்.

அடுத்த சம்பள நாளில் கொப்பியில் ஒரு பக்கத்தை ஒதுக்குங்கள். வாங்கும் ஒரு பொருளை மட்டும் எடுத்து, அது வந்த வழியைக் கடைக்காரரிடம் மரியாதையாகக் கேட்டு எழுதுங்கள். "நானா, இது எங்கேருந்து வருது? எடைக் கழிவு எவ்வளவு?" என்று கேட்டால் பெரும்பாலானவர்கள் சொல்வார்கள். அவர்களுக்கும் தங்கள் கஷ்டத்தைச் சொல்ல ஒரு ஆள் வேண்டும்.

கோமாரிக் கரையில் வெயிலில் மீனைப் புரட்டுகிற அக்காவும், பனியில் கொழுந்து கிள்ளுகிற அக்காவும் ஒருவரை ஒருவர் பார்த்ததில்லை. ஆனால் இருவர் சரக்கும் ஒரே ரோட்டில் எதிர் எதிரே ஏறி இறங்குகிறது. அந்த ரோட்டின் கணக்கைத் தெரிந்துகொண்டால், இருவருமே "நடுவுல யாரு திங்கிறா?" என்று கேட்பதோடு நிற்க மாட்டார்கள். "அந்த வேலையில எதை நாம செய்யலாம், அதுக்கு எவ்வளவு கேக்கலாம்?" என்று அடுத்த கேள்வியையும் கேட்பார்கள்.